எண்ணெய் விட்டுக் கெடுத்த ரயில்

1983-ல் மாமா பஹ்ரைனிலிருந்து வந்தபோது எனக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஒரு பச்சை நிற டேங்க் இன்ஜின் (தண்ணீர்த் தொட்டியைத் தன்மேலேயே சுமக்கும் நீராவி இன்ஜின்), மூன்று சரக்குப் பெட்டிகள், வட்டமாகப் பூட்டிக்கொள்ளும் தண்டவாளம், கரண்ட் கூட்டிக் குறைக்க ஒரு கன்ட்ரோலர். பொம்மை என்று சொல்லிவிட முடியாத சாமான். நிஜ இன்ஜினை 76-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது, 12 வோல்ட் டிசியில் ஓடுவது. அதற்கு நான்கு வருடம் முன்புதான், 1979-ல், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. இரணியல் ஸ்டேஷனில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வண்டி பார்த்த பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கல்லூரி, வேலை என்று போனபின் பெட்டி மச்சில் ஏறியது. போன கோடை லீவில் தம்பி மகள் அதைக் கண்டுபிடித்து இறக்கினாள். அவளுக்குப் பத்து வயது. தரையில் வட்டத்தைப் பூட்டி இன்ஜினை வைத்தோம். கன்ட்ரோலரின் வயர் காய்ந்து வெடித்திருந்ததால் அதைச் சுவரில் செருகவில்லை. வேகம் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள புது 12 வோல்ட் கன்ட்ரோலர் ஒன்று வாங்கினேன். இந்தக் கதையில் நான் யோசித்துச் செய்த முதல் காரியம் அது. ரொம்ப நாளைக்கு அதுவே கடைசியாகவும் இருந்தது.

இன்ஜின் ஒரு முனகல் முனகியது, விரலால் தள்ளினால் நாலு அங்குலம் போய் நின்றது, மறுபடி தள்ள வேண்டும். "பெரியப்பா, இதுக்கு எண்ணெய் விடணும்" என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன். சமையலறையில் இருந்த தேங்காய் எண்ணெயைக் கண்ட இடத்திலெல்லாம் விட்டேன். கொஞ்சம் ஓடியது. மறுநாள் நின்றது. துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அடிக்கும் ஸ்பிரே ஒன்று பைக்குக்காக வாங்கி வைத்திருந்தேன், அதையும் அடித்தேன். அன்று ஜோராக ஓடியது. மூன்றாம் நாள் புகை வாடை வந்தது, இன்ஜின் கையில் சுட்டது.

தக்கலையில் எனக்குத் தெரிந்த மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை ஒன்று உண்டு. கடைக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். இன்ஜினைக் கையில் வாங்கி, மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"சாரே, இது நம்ம மிக்ஸிக்க குட்டில்லா! கார்பன் இருக்கு, கம்யூட்டேட்டர் இருக்கு. எண்ணெய ஊத்தி அதுக்க வாயப் பொத்தி வச்சிருக்கிய."

பிறகு அவர் செய்த சோதனையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எதையும் கழுவாமல், துடைக்காமல், இன்ஜினைத் துணியில் மல்லாக்கப் போட்டார். ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரியில் இரண்டு வயர்த் துண்டுகள் வைத்து, ஒன்றை இடப்பக்கச் சக்கரத்திலும் மற்றதை வலப்பக்கச் சக்கரத்திலும் தொட்டார். சக்கரம் சுற்றியது. சோம்பலாகத்தான், ஆனால் விடாமல் சுற்றியது.

"இப்பம் ஓடுகா? ஓடுகு. அப்பம் பாதி நோய் இதுக்குள்ள இல்ல, வீட்டுல தண்டவாளத்துல கெடக்கு. மொதல்ல அதப் பாருங்க."

நான் நேராக இன்ஜினைப் பிரித்து மேயத் தயாராக வந்திருந்தேன். திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

மாடல் ரயிலில் கரண்ட் வரும் பாதையை நினைத்துப் பாருங்கள். கன்ட்ரோலரிலிருந்து வயர், வயரிலிருந்து தண்டவாளத் துண்டு, அதிலிருந்து அடுத்த துண்டுக்கு ஃபிஷ்பிளேட் எனும் இணைப்புத் தகடு, அப்புறம் சக்கரத்தின் விளிம்பு, சக்கரத்தை உரசும் பித்தளைப் பட்டை, மோட்டாருக்குள் கார்பன் துண்டு, அது உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர். எங்கே ஒரு இடத்தில் அழுக்கு இருந்தாலும் இன்ஜின் தள்ளாடும். நாம் பார்ப்பது என்னவோ கடைசியில் இருக்கும் இன்ஜினை மட்டும்.

என் தண்டவாளம் பழைய எஃகுத் தண்டவாளம். இன்று கிடைப்பவை பெரும்பாலும் நிக்கல் சில்வர். பெயரில் சில்வர் இருக்கிறதே தவிர பொட்டு வெள்ளி கிடையாது, செம்பும் துத்தநாகமும் நிக்கலும்தான். அதில் துரு வராது, கறுப்புப் படலம் மட்டும் படியும். எஃகு அப்படியில்லை. கொளச்சல் கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இல்லை. ஆனாலும் ஜன்னல் கம்பிக்கு வருடா வருடம் பெயின்ட் அடிக்காமல் முடியாது. போதாததற்கு இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து நாற்பது வருடம் அந்தத் தகடுகளுக்குள் வேலை பார்த்திருக்கின்றன.

மல்டிமீட்டரை எடுத்து அளந்தேன். வயர் சேரும் இடத்தில் 12 வோல்ட், வட்டத்தின் எதிர்ப்பக்கத்திலும் 12 வோல்ட். சரியாகத்தானே இருக்கிறது என்று கடைக்காரருக்குப் போன் போட்டேன். "வண்டிய மேல வச்சுகிட்டு அளந்தியளா?" என்று கேட்டார். இல்லை. இன்ஜினை வைத்து, நகராமல் லேசாகப் பிடித்துக்கொண்டு மறுபடி அளந்தேன். இந்தப் பக்கம் 11.5, அந்தப் பக்கம் 7. சுமை இல்லாதபோது மீட்டருக்கு எல்லாத் தண்டவாளமும் நல்ல தண்டவாளம்தான். வீட்டுக் குழாயில் தண்ணீர் திறக்காமல் அழுத்தம் பார்ப்பது மாதிரி.

ஃபிஷ்பிளேட்டுகளைக் கழற்றினேன். உள்ளே பழுப்புத் தூள். துடைத்து, தகட்டின் இரு ஓரத்தையும் குறட்டால் ஒரு மயிரளவு நெருக்கி மறுபடி பூட்டினேன். இது பாதி மருந்து. மீதிக்கு, எதிர்ப்பக்கத் துண்டின் அடியிலும் இரண்டு வயரைச் சால்டர் செய்து கன்ட்ரோலரிலிருந்து தனியாகக் கரண்ட் கொடுத்தேன். ரோசின் பேஸ்ட் போட்டுத்தான் சால்டர் செய்ய வேண்டும். ஆசிட் பேஸ்ட் அப்போதைக்கு நன்றாகப் பிடிக்கும், பிறகு வயரை அரிக்கும். அதற்குப்பின் இரண்டு பக்கமும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை.

மேல்பரப்பு அழுக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். மொபைல் ரிப்பேர் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். எரியக்கூடியது என்பதால் கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துத் துடைக்க வேண்டும். நிக்கல் சில்வர் தண்டவாளத்தில் உப்புத்தாள் போடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், அடுத்த அழுக்கு அந்தக் கீறலில் குடியேறும். என்னுடையது துருப்பிடித்த எஃகு என்பதால் வேறு வழியில்லை. 1200 நம்பர் தாளால் மெதுவாகத் தேய்த்து, பிறகு பேனா மை அழிக்கும் கரகரப்பான ரப்பரால் மெருகேற்றினேன். அந்த ரப்பரைத் தம்பி மகளின் பென்சில் பெட்டியிலிருந்து எடுத்ததற்கு இன்றுவரை கணக்கு வைத்திருக்கிறாள்.

சக்கரங்களுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஐபிஏ நனைத்த மெல்லிய துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, இன்ஜினின் ஒரு முனைச் சக்கரங்கள் துணிமேலும் மறுமுனைச் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேலும் இருக்குமாறு பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுத்தால், துணிமேல் சுற்றும் சக்கரம் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் துணி ஈரப்பதமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. பிறகு முனைமாற்றி வைக்க வேண்டும். துணியில் விழுந்த இரண்டு கறுப்புக் கோடுகளைப் பார்த்ததும் அவள் "அய்யே" என்றாள்.

சக்கரத்தின் பின்புறத்தை மறந்துவிடாதீர்கள். பித்தளைப் பட்டை உரசுவது அங்கேதான். நான் விட்ட தேங்காய் எண்ணெய் முழுவதும் அங்கே தூசியோடு குழைந்து களிம்பாகியிருந்தது. காது பட்ஸால் எடுத்தேன். பட்டை சக்கரத்தை விட்டு விலகியிருந்தால் கொஞ்சம் வளைத்துவிடலாம், ஆனால் தொட்டால் போதும் என்கிற அளவுக்குத்தான். அழுத்தினால் அதுவே பிரேக்.

இனித்தான் மோட்டார்.

என் இன்ஜினில் இருப்பது பழைய திறந்த மோட்டார். ஆர்மெச்சூர் எனும் சுற்றும் சுருள், காந்தம், கார்பன் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இப்போது வரும் இன்ஜின்களில் பெரும்பாலும் மூடிய டப்பா மோட்டார், அதைப் பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம். டிசிசி சிப் (டிஜிட்டல் கட்டளைப்படி மோட்டாரை ஓட்டும் சிப்) உள்ள இன்ஜினாக இருந்தால், சிப் இணைப்பில் இருக்கும்போது மோட்டார் முனைகளில் நேரடியாக பேட்டரியை வைக்காதீர்கள், சிப் போய்விடும்.

கார்பனைத் தாங்கும் ஸ்பிரிங்கைக் கழற்றினேன். கம்யூட்டேட்டர் செம்பு நிறத்தில் இல்லை, கரிச்சட்டி நிறத்தில் இருந்தது. எண்ணெயும் கார்பன் தூளும் கலந்து அதன் மூன்று பட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களை நிரப்பியிருந்தன. கார்பன் தூள் கரண்ட் கடத்தும். பட்டைக்குப் பட்டை குறுக்குவழி கிடைத்தால் கரண்ட் சுருளுக்குள் போகாமல் அந்த வழியே ஓடிவிடும். முனகலும் சூடும் புகை வாடையும் அதனால்தான். எண்ணெய் விட்ட அன்று ஓடி, மறுநாள் நின்றதற்கும் விடை அதுவே. பட்ஸில் ஐபிஏ தொட்டுத் துடைத்து, பள்ளங்களைப் பல்குத்தும் மரக்குச்சியால் சுரண்டினேன். ஊசி, பிளேடு வேண்டாம், செம்பில் கீறல் விழும்.

துடைத்தபின் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-ஒன்று என்று பட்டைகளை ஜோடி ஜோடியாக அளந்தேன். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். காட்டியது. ஒரு ஜோடி மட்டும் வேறு மாதிரி காட்டினால் சுருள் எரிந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு மேல் துடைத்துப் பயனில்லை.

உற்சாகத்தில் காந்தத்தையும் உருவி நன்றாகத் துடைக்கலாம் என்று நினைத்தேன். கடைக்காரர் சொல்லியிருந்தது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது: "பழைய சைக்கிள் டைனமோல காந்தத்த உருவினா அப்புறம் வெளக்கு மங்கிப் போவும். அது மாதிரிதான் இதுவும், தொடாதீய." பழைய ஆல்நிக்கோ காந்தங்களுக்கு அந்தக் குணம் உண்டு. சுற்றியுள்ள இரும்பிலிருந்து பிரித்து எடுத்தால் வலு குறைந்துவிடும். வலு குறைந்த மோட்டார் அதிகக் கரண்ட் குடிக்கும், சூடாகும், இழுக்காது. துடைத்த புண்ணியம் அதோடு போய்விடும்.

எல்லாவற்றையும் பூட்டி, வட்டத்தில் வைத்து, கரண்ட் கொடுத்தேன். கன்ட்ரோலர் சட்டென்று தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. எடுத்தால் எரிகிறது, வைத்தால் அணைகிறது. முழு ஷார்ட்.

அன்று இரவு பதினொரு மணிவரை அதோடு உட்கார்ந்திருந்தேன். ஷார்ட் ஆன மோட்டாரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்திருக்கும் சின்னக் கப்பாசிட்டரை. அதன் ஒரு காலைக் கழற்றிப் பார்த்தேன், குணமில்லை. காலையில் தரையைக் கூட்டும்போது தம்பி மனைவி, "அத்தான், இது உங்களுக்க சாமானா?" என்று கடுகளவு ஒரு குழாய்த் துண்டை நீட்டினாள்.

இந்த வகை மோட்டாரில் ஒரு கார்பன் இன்ஜினின் உடம்போடு சேர்ந்தது, மற்றது சேரக் கூடாதது. இரண்டு கார்பனையும் அமுக்குவது ஒரே ஸ்பிரிங்கின் இரண்டு கைகள். ஆகவே ஒரு கையில் மட்டும் இன்சுலேஷன் குழாய் மாட்டியிருப்பார்கள். அதைத்தான் நான் உதிர்த்துவிட்டிருந்தேன். கிடைத்த துண்டு காய்ந்து பிளந்திருந்தது. மெல்லிய வயர் ஒன்றின் தோலை மூன்று மில்லிமீட்டர் உருவி அந்தக் கையில் மாட்டினேன். கன்ட்ரோலர் அணையவில்லை. பிரிக்கும்முன் ஒவ்வொரு படியிலும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்திருந்தால் அந்த இரவு மிஞ்சியிருக்கும். பிரிப்பதை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வைத்துச் செய்தால் தம்பி மனைவியின் வேலையும் மிஞ்சும்.

இப்போது ஓடியது. ஆனால் ஒரு "டக்... டக்... டக்" சத்தம். சத்தத்தின் தாளத்தைக் கவனித்தால் இடம் தெரிந்துவிடும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு டக் என்றால் சக்கரம், அச்சு, அச்சிலுள்ள பல்சக்கரம் இவற்றில்தான் கோளாறு. விடாத உறுமல் என்றால் மோட்டார் பக்கம். பிளாஸ்டிக் பல்சக்கரம் அச்சின் மேல் வெடித்திருந்தால் அந்த வெடிப்பு வரும்போதெல்லாம் ஒரு டக் வரும். பக்கக் கம்பிகள் உள்ள நீராவி இன்ஜின்களில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பக்கச் சக்கரத்தின் கம்பி மேலே இருக்கும்போது மறுபக்கத்தது கால் சுற்று தள்ளியிருக்கும். எல்லா அச்சிலும் அந்தக் கால் சுற்று ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு அச்சில் சக்கரம் கொஞ்சம் திரும்பிவிட்டாலும் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் முட்டிக்கொள்ளும். அதனால் சக்கரத்தைக் கையால் முறுக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

என் கதையில் இரண்டும் இல்லை. நடு அச்சில் வாசல் கயிற்று மிதியடியின் தேங்காய் நார் சுற்றியிருந்தது, கூடவே ஒரு நீளத் தலைமுடி. டுவீசரால் உருவியபோது பல்சக்கரத்தின் களிம்புக்குள் சில கறுப்பு, சிவப்பு மணிகள் மின்னின. முந்தின ஞாயிறு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போய்வந்திருந்தோம், காலோடு வந்த மணல். அந்தக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடு கார்னட்டும் உண்டு. கார்னட் உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். எண்ணெயில் கார்னட் கலந்தால் பல்சக்கரத்துக்கு அதைவிட நல்ல அரம் கிடையாது. அன்றோடு ரயில் தரையிலிருந்து மேஜைக்கு ஏறியது.

எல்லாவற்றையும் கழுவியபின் எண்ணெய் விட்டாக வேண்டும், காய விட்டு ஓட்டவும் கூடாது. கடைக்காரர் மறுபடி பார்த்தார். தையல் மெஷின் எண்ணெயை ஒரு மூடியில் ஊற்றி, குண்டூசியின் நுனியைத் தொட்டு, அந்த நுனியில் நின்றதை மட்டும் மோட்டார் அச்சின் இரண்டு முனையிலும் வைத்தார். அவ்வளவுதான். நான் விட்டதில் அது நூறில் ஒரு பங்குகூட இருக்காது. சக்கர அச்சுகளுக்கும் அதே அளவு. இரும்பும் பித்தளையும் உரசும் இடத்தில் இந்த எண்ணெய் சரி. பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்குப் பிளாஸ்டிக்கை அரிக்காதது என்று போட்டிருக்கும் கிரீஸ்தான், அதுவும் பல்லில் பூசியது தெரியாத அளவு. கம்யூட்டேட்டருக்கு எதுவுமே கிடையாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும், ஏசி அறையில் வைத்தால் இன்ஜினுக்குள் மெழுகுவத்திதான். வெளியே வைத்தால் தூசியைப் பிடித்துப் பிசினாகும். ஸ்பிரேயோ, ஈரம் ஆவியாகிப் போனபின் ஒட்டும் படலத்தை விட்டுப்போகும்.

கரண்ட் அளவை மட்டும் சொல்லிவிடுகிறேன். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, வயரின் நடுவே தொடராக இணைத்து அளக்க வேண்டும். வோல்ட் அளப்பது போலத் தண்டவாளத்தின் இரு பக்கமும் வைத்தால் ஷார்ட் ஆகும், மீட்டரின் ஃபியூஸும் போகலாம். எனக்கு ஒரு ஃபியூஸ் போயிற்று. சுத்தம் செய்வதற்கு முன் 0.9 ஆம்பியர் குடித்த இன்ஜின் பிறகு 0.4-க்கு வந்தது. பாதி வேகத்தில் முன்னோக்கி அரைமணி, பின்னோக்கி அரைமணி பெட்டிகள் இல்லாமல் ஓடவிட்டேன். இடையிடையே நிறுத்திச் சூடு தொட்டுப் பார்த்தேன்.

பெட்டியின் பழைய ஸ்பாஞ்சு மெத்தை இந்த ஈரத்தில் பொடிந்து பிசுபிசுவென்று பெயின்டில் ஒட்டியிருந்தது, அதைத் தூக்கிப் போட்டேன். இப்போது இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் பருத்தித் துணி சுற்றி, செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலு போட்டு வைக்கிறேன். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பொட்டலங்களை மாற்றிவிட்டு, பத்து நிமிடம் ஓட்டியும் விடுவது வழக்கம்.

மூன்று பெட்டிகளோடு நடக்கிற வேகத்தைவிட மெதுவாகச் சுற்றி வருகிறது. பின்னோக்கிப் போகும்போது மட்டும் ஓர் உறுமல் பாக்கியிருக்கிறது. ஆர்மெச்சூர் அச்சு முன்பின்னாகக் கொஞ்சம் ஆடுகிறது. முன்னோக்கி ஓடும்போது மோட்டார் அச்சிலுள்ள திருகு போன்ற வார்ம் கியர் அதை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்துக்கொள்கிறது, பின்னோக்கி ஓடும்போது மறுபக்கம் தள்ளி முட்டுகிறது. மெல்லிய வாஷர் ஒன்று போட்டால் தீரும். அந்த அளவு வாஷர் தக்கலையிலும் இல்லை, நாகர்கோவிலிலும் இல்லை. கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் கடைக்காரர். அதுவரை ஷண்டிங் (முன்னும் பின்னும் ஓட்டிப் பெட்டிகளை மாற்றிக் கோர்ப்பது) கிடையாது என்று தம்பி மகள் ஒரு காகிதத்தில் எழுதி கன்ட்ரோலரில் ஒட்டிவைத்திருக்கிறாள்.